நம் வீட்டு வாசலுக்கு எந்த ரோஜா?

மலையில் பூத்துக் குலுங்கும் செடி கீழே வந்ததும் ஏன் வாடுகிறது? புதிய ரகங்கள் எப்படி உருவாகின்றன? வெப்ப நாட்டுத் தோட்டத்திற்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும்போது காரின் பின்பக்கத்தில் ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு ஒரு ரோஜாச் செடியும் இறங்கி வருவது பல வீடுகளில் வழக்கம். வந்த இரண்டு வாரங்களுக்குச் செடி செழிப்பாக இருக்கும். பிறகு இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும். அடி இலைகள் மஞ்சளாகி உதிரும். அடுத்து வரும் பூ, கடைசியில் பார்த்த பூவில் பாதி அளவுதான் இருக்கும். சில மாதங்களில் தொட்டியில் முள்ளும் குச்சியும் மட்டும் மிஞ்சும். "நமக்குக் கைராசி இல்லை" என்று அம்மா சொல்லிவிடுவார்.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் செடி வேறு ஒரு தட்பவெப்பத்துக்காக உருவாக்கப்பட்டது. அறிவியல் அதை மாற்ற முடியுமா? நம் நிலத்துக்கும் மழைக்கும் ஏற்ற ரோஜாக்களை உருவாக்க முடியுமா? இதற்காக வாழ்நாளையே செலவிட்ட சிலரைப் பற்றியும், அவர்கள் பயன்படுத்திய மரபியலைப் பற்றியும் இந்த வாரம் பார்ப்போம். அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மலைச் செடிக்குக் கீழே என்ன துன்பம்?

கேமரன் மலையின் பூந்தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே பகலில் கூட வெப்பநிலை 25 பாகை செல்சியசைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ பகலில் 32 பாகை சாதாரணம். இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

இதனால் செடிக்கு மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, உணவுக் கணக்கு. பகலில் ஒளிச்சேர்க்கை செய்து செடி சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவில் சுவாசித்து அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் சுவாச வேகமும் கூடும். எனவே வெப்பமான இரவுகளில் சேமிப்பு விரைவாகக் கரைகிறது. பெரிய பூவுக்குப் போதுமான சர்க்கரை மிஞ்சுவதில்லை.

இரண்டாவது, நிறம். சிவப்பு, இளஞ்சிவப்பு ரோஜாக்களுக்கு நிறம் கொடுப்பவை அந்தோசயனின் என்னும் நிறமிகள். அதிக வெப்பத்தில் இவை குறைவாகவே உருவாகின்றன. மலையில் அடர் சிவப்பாகப் பூத்த செடி கீழே வெளிறிப் பூப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதுதான் பெரிய பகைவன். இலையில் நீங்கள் பார்க்கும் கரும்புள்ளி ஒரு பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சையின் அறிவியல் பெயர் டிப்லோகார்ப்பன் ரோசே. அதன் வித்துகள் மழைத்துளி தெறிக்கும்போது இலைக்கு இலை தாவுகின்றன. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் போல ஈரமாக இருந்தால் வித்து முளைத்து இலைக்குள் நுழைந்துவிடும். பின்னர் ஒன்று இரண்டு வாரங்களில் புள்ளி தெரியும். மாலை நான்கு மணிக்கு இடியோடு மழை பெய்து இரவு முழுவதும் இலை காயாமல் இருக்கும் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விடுதி கிடைக்காது.

ரோஜாக்களின் பூர்வீகம்

ரோசா என்னும் பேரினத்தில் ஏறத்தாழ 150 காட்டு இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வட அரைக்கோளத்தின் குளிர், மிதவெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. நிலநடுக்கோட்டின் அருகில் வாழும் நமக்கு அவை விருந்தாளிகள்.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, கோடையின் தொடக்கத்தில் மட்டுமே பூத்தன. சீனத் தோட்டங்களில் இருந்த ரோஜாக்களோ மாதந்தோறும் பூத்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஓல்ட் பிளஷ்' போன்ற சீன ரோஜாக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கிருந்த தோட்டக்காரர்கள் வியந்துபோனார்கள். அவற்றை உள்ளூர் ரோஜாக்களோடு கலக்கத் தொடங்கினார்கள். அந்தக் கலப்பின் விளைவாக 1867-இல் பிரான்சின் லியோன் நகரில் கியோ என்பவர் 'லா பிரான்ஸ்' என்னும் ரகத்தை வெளியிட்டார். நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூ பூக்கும் இன்றைய ரோஜாக்களின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

சீன ரோஜாக்கள் ஏன் ஓயாமல் பூக்கின்றன? இதற்கான விடை 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. ரோஜாவில் கே.எஸ்.என். என்றொரு மரபணு இருக்கிறது. "இப்போது பூக்காதே" என்று செடிக்குத் தடை போடுவது அதன் வேலை. காட்டு ரோஜாவில் வசந்தகாலப் பூப்பு முடிந்ததும் இந்தத் தடை வந்துவிடும். சீன ரோஜாவில் அந்த மரபணுவின் நடுவே ஒரு அந்நிய டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டது. மரபணு செயலிழந்தது, தடையும் நீங்கியது. காரின் பிரேக் பழுதானால் வண்டி நிற்காமல் ஓடுவதைப் போல, செடி நிற்காமல் பூக்கிறது. இன்று உலகம் முழுவதும் ஆண்டு முழுக்கப் பூக்கும் ரோஜாக்களுக்குப் பின்னால் இந்தப் 'பழுது' இருக்கிறது.

இங்கே நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பூக்கும் ரோஜாக்கள், குளிர்காலம் முடிந்து வசந்தம் வருவதை அடையாளமாகக் கொள்கின்றன. நமக்குக் குளிர்காலமே இல்லை. அப்படிப்பட்ட ரகத்தை இங்கே வாங்கி நட்டால் இலை மட்டுமே பார்க்க நேரும்.

புதிய ரகம் எப்படிப் பிறக்கிறது?

ரோஜாவில் புதிய ரகம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது.

ஒன்று, தற்செயல். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செடியில் ஒரே ஒரு மொட்டின் உயிரணுவில் மரபுப் பிறழ்வு ஏற்படும். அந்த மொட்டிலிருந்து வளரும் கிளை மட்டும் வேறு நிறத்தில் அல்லது வேறு முறையில் பூக்கும். அதை வெட்டி நட்டால் புதிய ரகம் தயார். ஆண்டுக்கு ஒரு முறை பெரிதாகப் பூத்துக்கொண்டிருந்த ஒரு கொடி ரோஜாவில் இப்படித்தான் திரும்பத் திரும்பப் பூக்கும் வடிவம் ஒன்று கிடைத்தது. 'நியூ டான்' என்று பெயர் பெற்ற அந்த ரோஜாவுக்கு 1931-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. ஒரு தாவரத்துக்கு அந்நாடு வழங்கிய முதல் காப்புரிமை அதுதான்.

மற்றொரு வழி, திட்டமிட்ட கலப்பு. தாய்ச் செடியில் விரியும் நிலையில் உள்ள மொட்டின் இதழ்களை அகற்றுவார்கள். மகரந்தப் பைகள் வெடிப்பதற்கு முன்பே அவற்றையும் நீக்குவார்கள். இல்லாவிட்டால் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். பிறகு தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துச் சூலக முடியில் தடவி, பெயர்ச்சீட்டு கட்டுவார்கள். மூன்று நான்கு மாதங்களில் காய் பழுக்கும். உள்ளே இருக்கும் விதைகளைக் குளிர்ப்பெட்டியில் சில வாரங்கள் ஈரமாக வைத்து, 'குளிர்காலம் முடிந்துவிட்டது' என்று நம்பவைத்த பிறகு விதைப்பார்கள்.

ஒரே காயில் இருபது விதை இருந்தால் இருபதும் வெவ்வேறு செடிகள். உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் பெற்றோர் ஒருவரே. ஆனாலும் நீங்கள் இருவரும் ஒன்றுபோல் இல்லையே, அதைப் போலத்தான். ஆகவே ஏராளமான நாற்றுகளை வளர்த்து, பிடிக்காதவற்றை ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வர வேண்டும். இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் நிறுவனம் ஆண்டுக்கு இலட்சக்கணக்கான நாற்றுகளோடு தொடங்குகிறது. ஏறக்குறைய எட்டு ஒன்பது ஆண்டுகள் சோதித்த பிறகு கடைக்கு வருபவை இரண்டோ மூன்றோ ரகங்கள்தான். இன்று நீங்கள் 'புதியது' என்று பார்க்கும் ரோஜா, நீங்கள் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த காலத்தில் விதையாக இருந்திருக்கும்.

தேர்ந்தெடுத்த செடியை விதை மூலம் பெருக்க முடியாது. விதை போட்டால் குணங்கள் மாறிவிடும். எனவே தண்டுத் துண்டு வைத்தோ ஒட்டுக் கட்டியோ பெருக்குவார்கள். 'பீஸ்' என்னும் புகழ்பெற்ற மஞ்சள் ரோஜாவின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரான்சின் பிரான்சிஸ் மெய்யான் 1935-இல் செய்த கலப்பில் பிறந்த ஒரே ஒரு நாற்று அது. இரண்டாம் உலகப் போர் மூள்வதற்குச் சற்று முன் அதன் மொட்டுக் குச்சிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைத்தார். போரின் இறுதிக் கட்டத்தில், 1945 ஏப்ரல் 29-ஆம் நாள், அமெரிக்காவில் அதற்கு 'அமைதி' என்று பொருள்படும் 'பீஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. உலகில் இன்றிருக்கும் 'பீஸ்' செடிகள் அனைத்தும் அந்த ஒற்றை நாற்றின் நகல்களே.

மணம் எங்கே போனது?

கடையில் வாங்கும் நீண்ட காம்பு ரோஜாவை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஏமாற்றம்தான். பூமாலைக் கடையில் கிடைக்கும் பன்னீர் ரோஜாவோ தூரத்திலிருந்தே மணக்கும்.

வெட்டுப்பூ ரகங்களை உருவாக்கியவர்கள் காம்பின் நீளம், நிறம், பல நாள் வாடாத தன்மை ஆகியவற்றையே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். மணம் கவனிப்பாரற்றுக் கழிந்துபோனது. 2015-இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள், மணம் மிகுந்த 'பாப்பா மெய்யான்' ரகத்தையும் மணம் குறைந்த 'ரூஜ் மெய்யான்' ரகத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். மணமுள்ள பூவில் என்.யு.டி.எக்ஸ்.1 என்னும் மரபணு மிகச் சுறுசுறுப்பாக இருந்தது. மற்றதில் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. ரோஜாவுக்கே உரிய மணத்தைத் தரும் ஜெரானியோல் உருவாக இந்த மரபணு தரும் நொதி உதவுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2018-இல், 'ஓல்ட் பிளஷ்' ரோஜாவின் முழு மரபுத்தொகுதியும் வெளியிடப்பட்டது. அதில் ஏறக்குறைய 36,000 மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள்.

இதனால் என்ன பயன்? முன்பு ஒரு நாற்றில் விரும்பிய குணம் இருக்கிறதா என்று அறிய அது வளர்ந்து பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். மரபணு எதுவென்று தெரிந்துவிட்டால், முளைத்த நாற்றின் சிறு இலைத்துண்டைச் சோதித்தே முடிவெடுக்க வழி பிறக்கிறது.

நோயை வரவேற்ற மனிதர்

கரும்புள்ளிக்கு மருந்து தெளிக்கலாம். ஆனால் வாரம்தோறும் தெளிக்க வேண்டும். செலவு, புகை, குழந்தைகளும் பூனைகளும் விளையாடும் வாசல். நோயே அண்டாத செடி இருந்தால்?

அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் இதற்காக வேண்டுமென்றே நோயை வரவழைத்தார். கரும்புள்ளி பிடித்த இலைகளைச் சேகரித்து, உலர்த்திப் பொடியாக்கி, தம் நாற்றுகளின் மீது தூவினார். இலைகளை ஈரமாக வைத்து நோய் பரவ எல்லா வசதியும் செய்துகொடுத்தார். அப்படியும் நலமாக நின்ற நாற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் தேறிய ஒன்று 2000-ஆம் ஆண்டில் 'நாக் அவுட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மருந்து தெளிக்காமல் வளர்க்க முடிந்ததால் மில்லியன் கணக்கில் விற்றது.

ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்றொரு ரோஜாச் சோதனை நடக்கிறது. புதிய ரகங்களை நாட்டின் பல தோட்டங்களில் மூன்று ஆண்டுகள் வளர்க்கிறார்கள். பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ ஒரு துளியும் கிடையாது. தாக்குப்பிடித்தவற்றுக்கே முத்திரை.

ஆனால் 'நாக் அவுட்' கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. கரும்புள்ளியை வென்ற அந்த ரோஜா, 'ரோஜா ரோசெட்' என்னும் வைரஸ் நோய்க்கு இலக்கானது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு சிலந்திப்பேன் காற்றில் மிதந்து அந்த வைரசைப் பரப்புகிறது. தெருத் தெருவாக ஒரே ரகத்தை நட்டிருந்ததால் நோய்க்கு வேலை எளிதாயிற்று. ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புரியும். தென் அமெரிக்க இலைக் கருகல் நோய் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ரப்பர் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பாதிக்கப்படும் என்பதால்தான் மலேசியா இன்றுவரை அதற்கெதிராக விழிப்பாக இருக்கிறது. ஒரே மாதிரியான செடிகள் நிறைந்த இடத்தில் ஒரு செடியின் பலவீனம் எல்லாச் செடிகளின் பலவீனமாகிவிடும்.

வெப்ப நாட்டுக்கென்று ஒரு ரோஜா

இதுவரை பார்த்தவை எல்லாம் குளிர் நாடுகளில் நடந்தவை. பனியைத் தாங்குமா என்று பார்த்துத்தான் அங்கே தேர்ந்தெடுப்பார்கள். வெயிலைத் தாங்குமா என்று யார் பார்ப்பது?

தமிழ்நாட்டின் கொடைக்கானலில் வாழும் வீரராகவன் - கிரிஜா தம்பதியர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். வீரராகவன் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்தவர். முன்கூட்டியே ஓய்வு பெற்று ரோஜாக் கலப்பில் இறங்கினார். ஐரோப்பிய ரோஜாக்களையே திரும்பத் திரும்பக் கலந்தால் வெப்பம் தாங்கும் குணம் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டார். அந்தக் குணம் உள்ள காட்டு ரோஜாக்களைத் தேடினார்.

இரண்டு இனங்கள் கிடைத்தன. ஒன்று ரோசா ஜைஜாண்டியா. மணிப்பூர், வட மியன்மார், சீனாவின் யுன்னான் பகுதிகளில் மரங்களின் மீது ஏறி வளரும் மாபெரும் கொடி இது. உள்ளங்கை அளவு வெண்மஞ்சள் பூக்கள் பூக்கும். மற்றொன்று ரோசா கிளைனோபில்லா. வங்காளம் உள்ளிட்ட பகுதிகளின் நீர்நிலை ஓரங்களில் வளரும் வெள்ளை ரோஜா. மழைக்காலத்தில் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைத்துக்கொள்ளும். வெப்பமும் ஈரமும் இதற்குப் பழக்கப்பட்டவை. இந்த இரண்டையும் நவீன ரோஜாக்களோடு கலந்து அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. செய்யும்போது கணக்கு குறுக்கே நிற்கும். படிவம் நான்கு, ஐந்து உயிரியலில் நீங்கள் படிக்கும் குரோமோசோம் கணக்குதான்.

காட்டு ரோஜாவான ஜைஜாண்டியாவின் உயிரணுவில் 14 குரோமோசோம்கள், அதாவது ஏழு ஏழாக இரண்டு தொகுதிகள். நவீனத் தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவற்றில் 28, அதாவது நான்கு தொகுதிகள். பாலணுக்கள் உருவாகும்போது எண்ணிக்கை பாதியாகும். எனவே காட்டு ரோஜாவிடமிருந்து 7, தோட்ட ரோஜாவிடமிருந்து 14. குழந்தைச் செடிக்கு மொத்தம் 21.

இருபத்தொன்றில்தான் சிக்கல். குன்றல் பிரிவின்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். மூன்று தொகுதிகள் இருந்தால் ஒன்று எப்போதும் தனித்து நிற்கும். பாலணுக்கள் சரியாக உருவாகாது. பூ அழகாகப் பூக்கும். ஆனால் பெரும்பாலும் விதை பிடிக்காது. அடுத்த தலைமுறைக் கலப்பு அங்கேயே நின்றுபோகும். கோடியில் ஒன்றாக வளமான மகரந்தம் கிடைக்கும்வரை பொறுமையாக முயன்றுகொண்டே இருக்க வேண்டும். அல்லது கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளால் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம்.

ஒரு ரோஜாவின் பெயரில் ஒரு விஞ்ஞானி

குரோமோசோம்களை எண்ணுவதில் உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணி இருந்தார். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்ற ஈ. கே. ஜானகி அம்மாள். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதான காலம் அது. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மற்றப் புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிவியலாளருடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்தத் தாவரத்தை எதனோடு கலக்கலாம் என்று பார்ப்பவர்களுக்கு அது அடிப்படைக் கையேடானது.

வீரராகவன் தம்பதியர் உருவாக்கிய மஞ்சள் சாயல் கொண்ட ரோஜா ஒன்றுக்கு 2019-இல் 'ஈ. கே. ஜானகி அம்மாள்' என்று பெயர் சூட்டப்பட்டது. அரசிகளின் பெயரும் நடிகைகளின் பெயரும் தாங்கிய ரோஜாக்கள் ஏராளம். தாவரக் கலப்பின் கணக்கைக் கற்றுத்தந்த விஞ்ஞானியின் பெயர் ஒரு கலப்பின ரோஜாவுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

நீல ரோஜா வந்துவிட்டதா?

கலப்பால் எதுவும் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஒன்றைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. நீல நிறமியான டெல்பினிடினை உருவாக்கத் தேவையான நொதி ரோஜாவில் இல்லை. எத்தனை ஆயிரம் முறை கலந்தாலும் அது வராது.

ஜப்பானின் சன்டோரி நிறுவனம் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 1990-இல் ஆய்வைத் தொடங்கியது. பேன்சி என்னும் பூச்செடியிலிருந்து அந்த மரபணுவை எடுத்து ரோஜாவில் சேர்த்தார்கள். 2004-இல் வெற்றியை அறிவித்து, 2009-இல் 'அப்ளாஸ்' என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நிறமி நீலம்தான், ஆனால் பூ இளம் ஊதாவாகவே தெரிகிறது. காரணம், ரோஜா இதழின் உயிரணுச் சாறு அமிலத்தன்மை உடையது. அமிலத்தில் இந்த நிறமி சிவப்புப் பக்கம் சாயும். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'நாசி கெராபு' சாதத்துக்கு நிறம் கொடுக்கும் அதே பூ. வேதியியல் ஒன்றுதான்.

கடைகளில் பளிச்சென்ற நீலத்தில் ரோஜா பார்த்தால் அது சாயம் ஏற்றிய வெள்ளை ரோஜா. இணையத்தில் 'நீல ரோஜா விதை' என்று விற்பதை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

நர்சரியில் கேட்க வேண்டியவை

இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் செடி வாங்காதீர்கள். கீழ்க்கண்ட கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்தச் செடி எங்கே வளர்ந்தது? மலைத் தோட்டத்திலிருந்து நேற்று வந்த செடியைவிட, உங்கள் ஊர் நர்சரியில் பல மாதங்கள் வெயிலில் நின்று பூத்த செடி நம்பகமானது.

2. ஆண்டு முழுவதும் பூக்குமா? ஒரு முறை மட்டும் பூக்கும் ரகம் நமக்கு வேண்டாம்.

3. இலை எப்படி இருக்கிறது? பூவைப் பார்க்கும் முன் அடி இலைகளைப் புரட்டிப் பாருங்கள். மருந்து தெளிக்காமலே அடி இலைகள் பச்சையாக இருந்தால் அதுவே சிறந்த சான்றிதழ்.

4. சொந்த வேரா, ஒட்டுச் செடியா? ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளை வேறு ரோஜாவுடையது. அதை நீக்காவிட்டால் மேலே உள்ள ரகத்தை அது அமுக்கிவிடும்.

5. பூ எவ்வளவு பெரியது? நம் வெப்பத்தில் பெரிய ஒற்றைப் பூ ரகங்களைவிடக் கொத்தாகச் சிறு பூ பூக்கும் ரகங்கள் எளிதாகச் சமாளிக்கும்.

எந்த ரகம்? 'புதியது' எல்லாம் நமக்கு நல்லதல்ல. 'பழையது' எல்லாம் ஒதுக்க வேண்டியதும் அல்ல. வெப்பமும் ஈரமும் மிகுந்த புளோரிடாவில் 'ஓல்ட் பிளஷ்', 'மியூட்டபிலிஸ்', 'லூயி பிலிப்' போன்ற சீன வகை ரோஜாக்கள் நெடுங்காலமாக நன்றாக வளர்கின்றன. 'மியூட்டபிலிஸ்' பூ மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, பின் கருஞ்சிவப்பாகும்; ஒரே செடியில் மூன்று நிறம் பார்க்கலாம். நோய் எதிர்ப்புக்காக உருவான 'நாக் அவுட்' வகைகளையும் முயலலாம். கம்பங்களில் 'ரோஸ் கம்போங்' என்று சொல்லப்படும் மணமுள்ள இளஞ்சிவப்பு ரோஜா பக்கத்து வீட்டில் இருந்தால், ஒரு தண்டு கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகள் நம் மழையையும் வெயிலையும் தாங்கி நின்றதே, அதைவிட வேறு சோதனை வேண்டாம்.

நட்ட பிறகு ஆறு மணி நேர வெயில் படும் இடத்தில் வையுங்கள். காலையில் வேரில் மட்டும் நீர் ஊற்றுங்கள். உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். ரோஜாவுக்கு வேர் அழுகும், வீட்டில் இருப்பவர்களுக்கு டிங்கி வரும்.

செய்து பாருங்கள்

ஒரே ரகத்தில், ஒரே அளவில் இரண்டு தொட்டிச் செடிகள் வாங்குங்கள். இரண்டையும் மழை நனைக்காத, ஆனால் வெயில் படும் கூரை ஓரத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். தினமும் ஒரே அளவு நீர். முதல் செடிக்குக் காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். இரண்டாவதற்கு மாலையில் இலைகள் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை இரண்டிலும் மொத்த இலைகளையும், புள்ளி விழுந்த இலைகளையும் எண்ணி அட்டவணையில் எழுதுங்கள். ஆறு வாரம் தொடருங்கள். புள்ளி இலைகளின் விழுக்காட்டை வரைபடமாக வரையுங்கள்.

இந்தச் சோதனையில் தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? ஒரு குறையும் இதில் ஒளிந்திருக்கிறது. நீர் ஊற்றும் இடத்தை மட்டுமா மாற்றினோம், நேரத்தையும் சேர்த்தல்லவா மாற்றிவிட்டோம்! இலை நனைந்ததால் நோய் வந்ததா, மாலையில் ஊற்றியதால் வந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? அதற்கு இன்னும் எத்தனை தொட்டிகள் வேண்டும்? நண்பர்களோடு பேசித் திட்டமிடுங்கள். வகுப்பில் நால்வர் சேர்ந்தால் செலவும் குறையும்.

சொல் அறிவோம்

ரகம்: ஒரே இனத்துக்குள் மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய, தனி அடையாளமுள்ள வகை.

மரபுப் பிறழ்வு: டி.என்.ஏ.வில் ஏற்படும் மாற்றம். அது தீமையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

குன்றல் பிரிவு: பாலணுக்கள் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் உயிரணுப் பிரிவு.

மும்மயம்: மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட நிலை. விதையில்லாத தர்ப்பூசணியும் நாம் உண்ணும் பெரும்பாலான வாழைகளும் இப்படிப்பட்டவையே.

அந்தோசயனின்: பூ, பழம், இலைகளுக்குச் சிவப்பு முதல் நீலம் வரை நிறம் தரும் நிறமிக் குடும்பம்.